கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆனி

முன்பு ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கடிகாரம் குடியிருந்தது. அதற்கு முள் கிடையாது. மணி அடிக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரிதான் அதற்குச் சோறு போட்டது. கரண்ட் இருந்தாலும் போனாலும், பெட்டி தூங்கினாலும் விழித்தாலும், இன்றைக்கு என்ன கிழமை, இப்போது மணி என்ன என்று சொல்வதுதான் அதன் வேலை. கேட்டால் சொல்லும். கேட்காவிட்டால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்.

அந்தப் பெட்டி தாராபுரத்தில் கிட்டுசாமியின் போட்டோ ஸ்டுடியோவில் இருந்தது. அவர் பழைய கடையைக் காலி செய்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதுக்கடை பிடித்திருந்தார். ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைப் பார்த்து, "அன்னிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு வேலையை ஆரம்பிங்க" என்று அவர் மனைவி கோகிலாமணி நாள் குறித்துக் கொடுத்தாள். ஆனால் கடையில் ஒயரிங் முடியவில்லை. அந்த வெள்ளி போயிற்று. ஆனியும் போயிற்று. கரண்ட் வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்திருந்தது.

"ஆடியில எதையும் புதுசா ஆரம்பிக்கக் கூடாதுங்க. ஆவணி வரைக்கும் பெட்டி மூடியே கெடக்கட்டும்" என்றாள் கோகிலாமணி.

"சேரி" என்றார் கிட்டுசாமி. நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

ஆனால் இராசப்பனிடமிருந்து போன் வந்துவிட்டது. ஆனி கடைசியில் இராசப்பனின் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் கிட்டுசாமிதான். "பொண்ணும் மாப்பிள்ளையும் நாளைக்கு மஸ்கட் போறாங்க. போட்டோ எல்லாத்தையும் இன்னைக்கே குடுத்துரோணும்" என்றார் இராசப்பன். வீட்டில் வைத்து ஏற்றிய படங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை. கேமரா கார்டை அடுத்த நாளே ஒரு காதுகுத்துக்காக அழித்தாயிற்று.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலையில், கோகிலாமணிக்குத் தெரியாமல், கிட்டுசாமி கடையைத் திறந்தார். பெட்டியைத் துடைத்து, ஒயர்களை மாட்டி, சுவிட்சைப் போட்டார். பெட்டி நல்லபடியாகவே விழித்தது. புதுக்கடைக்குப் புதுசாக இருக்கட்டும் என்று பழைய கடவுச்சொல்லை மாற்றிப் புதியதொன்றும் வைத்தார். பிறகு ஊதுபத்தியைக் கொளுத்தப் போனவர் அப்படியே நின்றார்.

ஆடி.

ஊதுபத்தியைப் பார்த்தார். திரையின் மூலையில் தெரிந்த தேதியைப் பார்த்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அதுவரை அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றாத யோசனை.

"நமக்குத்தான ஆடி? இதுக்கு ஆனியா இருந்துட்டுப் போவட்டும்."

பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். அது கண் விழிப்பதற்குள் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்து, உள்ளே நீலத் திரைக்குள் நுழைந்தார். கடிகாரத்தின் வீடு அதுதான். கோகிலாமணி குறித்துக் கொடுத்த அதே வெள்ளிக்கிழமைக்கு, அதே நல்ல நேரத்துக்குத் தேதியைப் பின்னுக்குத் தள்ளினார். சேமித்தார். திரையின் நெற்றியில் சந்தனம், விசைப்பலகையின் நெற்றியில் குங்குமம். சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெட்டியை ஆனி மாதத்தில் ஆரம்பித்து வைத்தார்.

உள்ளே கடிகாரம் கத்திப் பார்த்தது. "ஐயா, இன்னைக்குச் செவ்வாய்ங்க! இது ஆடிங்க!" கேட்க யாரும் இல்லை. அதற்கு விதிக்கப்பட்டது ஒன்றுதான்: கடைசியாக என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதிலிருந்து எண்ண வேண்டும்.

பெட்டியைக் குளிர்விக்கும் காற்றாடிதான் முதலில் விழித்தது. பெட்டியில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோரையும்விட அதிகமாகச் சத்தம் போடுவது அதன் சுபாவம்.

"அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"காலையில செவ்வாய்னு சொன்னீங்க?"

"காலையில செவ்வாய். இப்ப வெள்ளி. நாளைக்குச் சனி. மேக்கொண்டு என்னைக் கேக்காதே."

அதன் பிறகு விழித்த வேலையாட்கள் எல்லோரும் குழம்பினார்கள். பிரிண்டருக்குச் சேதி கொண்டுபோகிறவன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்; தேதியைக் கேட்டதும் திரும்ப விரித்துப் படுத்துக்கொண்டான். "நான் வேலைக்குச் சேர்றதே அடுத்த வாரம். இப்ப எதுக்கு என்னை எழுப்புறீங்க?" வைரஸ் வராமல் காவல் இருக்கிறவன், "நான் இன்னும் இந்த ஊருக்கே வரலை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஒவ்வொருவரையும் எழுப்பி, சண்டை போட்டு, தூக்கி நிறுத்துவதற்குள் வெளியே திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கிட்டுசாமி ஒரு டீ குடித்துவிட்டு வந்தும் சுற்றியது.

கடைசியில் வாசல் தெரிந்தது.

வாசலில் காவலர் உட்கார்ந்திருந்தார். கண்டிப்பானவர். வெளியே இருக்கிறவர்களிடம் சொல்ல அவருக்கு இரண்டே வார்த்தைகள்தான் கொடுத்திருந்தார்கள். ஒன்று 'வருக'. இன்னொன்று 'தவறு'. மூன்றாவது வார்த்தைக்கு அனுமதி இல்லை.

அவர் முன்னால் புதுக் கடவுச்சொல் வந்து நின்றது. தலையில் பெரிய எழுத்து, இடுப்பில் எண், வாலில் நட்சத்திரம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"கதவைத் திறங்கய்யா. நான்தான்."

காவலர் அதை ஏற இறங்கப் பார்த்தார். "எழுத்து சரி. எண் சரி. நட்சத்திரமும் சரி. தாங்கள் பிறந்தது எப்போது?"

"இன்னைக்குக் காலையில. ஆடி, செவ்வாய்க்கிழமை."

காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்று ஆனி, வெள்ளிக்கிழமை."

"அதனால?"

"தாங்கள் இன்னும் பிறக்கவில்லை."

"பொறக்காமலா உங்க முன்னாடி நிக்கிறேன்?"

"அதுதான் எனக்கும் சந்தேகமாக இருக்கிறது. பிறந்த பிறகு வாருங்கள்." சொல்லிவிட்டு வெளியே 'தவறு' என்று காட்டினார்.

கிட்டுசாமி மறுபடி அடித்தார். தவறு. மெதுவாக அடித்தார். தவறு. ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். தவறு. விசைப்பலகையின் மேல்தான் கோளாறு என்று அதைக் கவிழ்த்துத் தட்டினார். இரண்டு பொரிகடலையும் கொஞ்சம் குங்குமமும் விழுந்தன.

"பொட்டு வெச்ச கையாலயே அடியா?" என்று விசைப்பலகை முணுமுணுத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கோகிலாமணி டிபன் கேரியரோடு உள்ளே வந்தாள். எரிகிற திரையையும் அதன் நெற்றிச் சந்தனத்தையும் பார்த்தாள்.

"ஏனுங்க! ஆடியில போட்டுட்டீங்களா?"

"இதுக்கு ஆடி இல்ல" என்றார் கிட்டுசாமி, தரையைப் பார்த்து.

"கம்ப்யூட்டருக்குத் தனியா காலண்டரா அடிக்கிறாங்க? சேரி, ஓடுதா?"

"தெறக்க மாட்டீங்குது."

"தெறக்காது. ஆடியில போட்டா எப்படித் தெறக்கும்?"

அடுத்து இராசப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, சிரிக்காத முகம். அந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏப்பா கிட்டு, எல்லாப் போட்டோவும் எனக்கு வேண்டியதில்ல. ஒண்ணே ஒண்ணு. நான் சிரிச்ச மாதிரி ஒண்ணு இருக்குதாமா. புள்ள சொல்லுது. 'அப்பா, அதைத்தான் நான் மஸ்கட்டுக்குக் கொண்டுபோவேன், மத்ததெல்லாம் அப்புறம்'னு அழுவுது. எனக்கு நம்பிக்கையில்ல. நேர்ல பாத்துட்டு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்படி ஒரு படம் உண்மையாகவே இருந்தது. தாலியை எடுத்துக் கொடுக்கும் பெரியவரின் இடுப்பில் செல்போன் இருந்தது. கெட்டிமேளம் கொட்டி, எல்லோரும் அட்சதையைத் தூக்கிய நொடியில், அது சேவல் மாதிரி கூவியது. பெரியவர் பதறி, தாலியைக் காதில் வைத்து, போனை மாப்பிள்ளையிடம் நீட்டினார். இராசப்பன் சிரித்துவிட்டார். கிட்டுசாமி அழுத்திவிட்டார்.

அந்தச் சிரிப்புப் படம் உள்ளே காவலரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா, என்னைத் தேடி ஆள் வந்திருக்காங்க. வெளிய விடுங்க."

"தாங்கள் எடுக்கப்பட்டது?"

"ஆனி கடைசி முகூர்த்தம்."

"அந்தக் கல்யாணம் இன்னும் நடக்கவில்லை. தாலி கட்டவில்லை. சேவல் கூவவில்லை. தாங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்?"

"எனக்கு வேற முகம் இல்லைங்க" என்றது படம், சிரித்துக்கொண்டே.

கிட்டுசாமி கடைசி வழியாகத் தனபாலைக் கூப்பிட்டார். தனபால் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். பைக்கில் வந்து இறங்கியவன், பெட்டியைப் பார்ப்பதற்கு முன் உலகத்து ரிப்பேர்க்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"எதையாச்சும் மாத்துனீங்களாண்ணா?"

கிட்டுசாமி கோகிலாமணியைப் பார்த்தார். இராசப்பனைப் பார்த்தார். பிறகு, உலகத்தில் பெட்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற பதிலைச் சொன்னார்.

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலியே."

உள்ளே கடிகாரம் தலையில் அடித்துக்கொண்டது. "பொய்! பொய்யிங்க! என்னைப் புடிச்சுத் திருப்பினாருங்க!"

"அக்கா, சத்தமா சொல்லுங்க, கேக்கல" என்றது காற்றாடி.

"நீ வாயை மூடினா கேக்கும்டா!"

தனபால் அணைத்துப் போட்டான். ஒயரைப் பிடுங்கி மாட்டினான். பழைய கடவுச்சொல்லையும் போட்டுப் பார்த்தான். அது பாவம், காலையிலேயே பதவி இழந்தது, வாசலில் வந்து நின்று, "நான் இருக்கிறேனா இல்லையா?" என்று கேட்டது. "நேற்று வரை இருந்தீர்கள். ஆனால் நேற்று இன்னும் வரவில்லை" என்றார் காவலர். தவறு.

தனபால் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தான்.

"ஃபார்மட் போட்டுரலாங்ண்ணா. புதுசாட்டம் ஆயிரும்."

"போட்டோ?"

"எல்லாம் போயிரும்."

"டிஸ்க்கக் கழட்டி வேற மெஷின்ல மாட்டிப் பாத்தா?"

"மாட்டினாலும் பூட்டு பூட்டுதாண்ணா. பூட்டோட சேத்துத்தான் எழுதியிருக்குது."

கிட்டுசாமியால் இராசப்பனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த முகம் எப்போதும்போலத்தான் இருந்தது என்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அப்ப நான் சிரிக்கலைன்னு புள்ளைகிட்டச் சொல்லிரட்டுமா?" என்றார் இராசப்பன்.

தனபால் பென்டிரைவைச் செருகினான். உள்ளே அது செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பியபடி நுழைந்தது. மிகவும் மரியாதை தெரிந்தது.

"வணக்கம். எல்லாரும் சௌக்கியமா? கொஞ்ச நேரந்தான் ஆகும். வலிக்காது. யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது."

பெட்டிக்குள் காற்றாடியே ஒரு நொடி நின்றுவிட்டது. கடிகாரம் காவலரிடம் ஓடியது.

"ஐயா, தப்பு என்மேலதான். நான் சொல்ற நேரம் பொய். நீங்க அதை நம்பி எல்லாரையும் தடுக்கிறீங்க."

காவலர் நிமிர்ந்தார். "கடிகாரமே தன்னைப் பொய் என்று சொன்னால், அதை நான் எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்ப்பது?"

"வெளியில சொல்லுங்க. 'தேதியைப் பாருங்க'ன்னு ஒரு வார்த்தை."

"எனக்கு இரண்டு வார்த்தைதான்." காவலர் யோசித்தார். முதல்முறையாக அவர் குரல் இறங்கியது. "ஆனால் ஒரு விதி இருக்கிறது. கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடாமல் இருந்தால், கடவுச்சொல் கட்டத்தை மறைத்துத் திரை போட வேண்டும். திரையில் தங்களை மட்டும்தான் பெரிதாக எழுதியிருக்கும். வெளியில் இருப்பவர்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அது நம் கையில் இல்லை."

அது நடக்கிற காரியமா என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

நல்லவேளையாக வெளியே சண்டை வந்தது.

"ஆடியில போடாதீங்கன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் கோகிலாமணி.

"ஆடிக்கும் இதுக்கும் என்னுங்க்கா? இது வைரஸு" என்றான் தனபால்.

"வைரஸு ஏன் ஆனியில வரல?"

"ஆனியில ஒயரிங்கே இல்லையே!" என்றார் கிட்டுசாமி.

"அதுக்குத்தான் ஆவணி வரைக்கும் பொறுங்கன்னேன்!"

"ஆவணி வரைக்கும் மாப்பிள்ளைக்கு லீவு குடுப்பாங்களா?" என்றார் இராசப்பன்.

நாலு பேரும் எட்டுக் கைகளையும் வீசிப் பேசினார்கள். ஒரு கைகூடப் பெட்டியின் பக்கம் போகவில்லை. காவலர் மெல்ல எழுந்து திரையைப் போட்டார். கடவுச்சொல் கட்டம் மறைந்தது. திரை முழுக்கக் கடிகாரம் ஒன்றே நின்றது. பிறந்ததிலிருந்து தன்னை இவ்வளவு பெரிதாக அது பார்த்ததில்லை. வெட்கமாகக்கூட இருந்தது.

கோகிலாமணி பேச்சை நிறுத்தினாள். அவள் பார்வை திரையில் நின்றது.

"இன்னைக்கு என்ன கிழம?"

"செவ்வா" என்றார் இராசப்பன்.

"இது வெள்ளிக்கிழமைங்குது." அருகில் போனாள். தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கிறவள் அவள்தான். "இந்தத் தேதி... இது நான் குறிச்சுக் குடுத்த முகூர்த்தமல்ல?"

கிட்டுசாமி டிபன் கேரியரின் கொக்கியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"ஏனுங்க."

"ம்."

"என்ன பண்ணுனீங்க?"

"நீதான ஆடியில ஆரம்பிக்கக் கூடாதுன்னே?" கிட்டுசாமி ஒரே மூச்சில் சொன்னார். "அதுனாலதான் ஆனிக்குக் கொண்டுபோயி ஆரம்பிச்சேன். நல்ல நேரத்துக்கே வெச்சேன். சூடங்கூடக் காட்டுனேன்."

கோகிலாமணி இடுப்பில் கைவைத்தபடி, திட்டுவதற்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தார்கள். இராசப்பனின் மீசை ஆடியது. தோள் குலுங்கியது. "கம்ப்யூட்டருக்கு... கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆனி..." என்றவர் மேற்கொண்டு பேச முடியாமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது.

உள்ளே சிரிப்புப் படம் அந்தச் சத்தத்தைக் கேட்டது. "அது என் குரல்!" என்றது.

"படத்துக்குக் குரல் கிடையாது" என்றார் காவலர்.

"இப்பக் கெடச்சிருச்சுங்க."

தனபால் பென்டிரைவைப் பிடுங்கினான். "அடுத்த தடவை பாக்கலாம்" என்று அது மரியாதையாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போயிற்று. அவன் நீலத் திரைக்குள் போய்த் தேதியைச் சரிசெய்தான். செவ்வாய். ஆடி. கடிகாரத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

"மணி என்னண்ணா?"

கிட்டுசாமி கடைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டேகால்."

தனபால் தன் போனைப் பார்த்தான். "பன்னெண்டு அஞ்சுதானுங்க ஆவுது."

"தெரியும்ப்பா. எங்கூட்டுக் கடியாரமெல்லாம் பத்து நிமிசம் கூடத்தான் இருக்கும். அப்பத்தான் எங்கயும் நேரத்துல கெளம்ப முடியும். இதுலயும் அப்படியே வெச்சுரு."

தனபால் கோகிலாமணியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். வீட்டுக் கடிகாரங்களைப் பத்து நிமிடம் முன்னால் வைத்தவளே அவள்தான்.

பெட்டி மறுபடி விழித்தது. புதுக் கடவுச்சொல் நட்சத்திரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தது.

"இப்பவாச்சும் பொறந்துட்டேனா?"

காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "இது உண்மைதானே?"

"பத்து நிமிசம் போக, உண்மை" என்றது கடிகாரம்.

"பத்து நிமிடம் பொய்யில் சேராது. இந்த ஊர் வழக்கம்." காவலர் கதவைத் திறந்தார். "வருக."

சிரிப்புப் படம் திரையில் விரிந்தது. இராசப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, குனிந்து, அந்த மனிதனை வெகுநேரம் பார்த்தார்.

"இது நானா?"

"நீங்கதானுங்க மாமா" என்றார் கிட்டுசாமி.

"பல்லெல்லாம் தெரியுது."

"இப்பவும் தெரியுதுங்க."

இராசப்பன் வாயை மூடிக்கொண்டார். பிறகு மூட முடியாமல் விட்டுவிட்டார். "பெருசாப் போடு. புள்ள துணிப்பெட்டியில மேலாக வெச்சு எடுத்துட்டுப் போவட்டும்."

பிரிண்டருக்குச் சேதி கொண்டுபோகிறவன் பாயைச் சுருட்டிவிட்டு ஓடினான். காற்றாடி மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது.

"அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்" என்றது கடிகாரம், வாய் நிறைய.

"மணி?"

"அதை மட்டும் கேக்காதே."